வலிக்கு அஞ்சி வைத்தியத்தைத் தள்ளிப் போடலாகாது

(மல்லசமுத்திரம் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பருத்தி விலையையும் பாசன வசதியையும் பற்றிப் பேசக் கூடும் நாம், இன்று சிறுநீரக நோயாளரைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

சிறுநீரகங்கள் செயலிழந்தால் இரத்தத்தில் கழிவு தேங்கும். அதை நீக்கும் முறையே டயாலிஸிஸ். இயந்திரத்தின் மூலம் செய்வதாயின், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, மருந்து நீரை உள்ளே விட்டுச் சில மணி நேரம் கழித்து வடித்துவிடும் முறையும் உண்டு. அதனை வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இம்மருந்து நீர்ப் பைகளை வீட்டிற்கே கொண்டு சேர்ப்பதும் ஒரு பணியாகும்.

எனினும், ‘வயிற்றைக் கீறுவார்கள்’ என்று கேட்டதும் நோயாளி அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தினால் நாளைக் கடத்துவதே பெருங்கேடு. நோய் முற்றி நுரையீரலில் நீர் கோத்துவிட்டால், நோயாளியால் மல்லாந்து படுக்கவும் இயலாது. அந்நிலையில் மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்தாகிவிடும். உரிய காலத்தில் சென்றால் வலியை அடக்குவது எளிது.

அது எங்ஙனம் செய்யப்படுகிறது? பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசி நீங்கள் அறிந்ததே. 1943இல் சுவீடன் நாட்டில் கண்டறியப்பட்ட லிக்னோகெயின் என்ற அம்மருந்தையே தொப்புளருகில் செலுத்துவார்கள். ஊசி குத்தும்போது சிறிது எரிச்சலும், குழாயைச் செலுத்தும்போது இழுப்பதுபோன்ற உணர்வும் இருக்கலாம். அச்சம் தணிய நரம்பு வழியே சிறிது தூக்க மருந்தும் கொடுப்பதுண்டு. நோயாளி கண்ணயர்ந்திருப்பார், அழைத்தால் பதில் சொல்வார். மூச்சு, நாடி, இரத்த அழுத்தம் ஆகியவற்றை இடைவிடாது கவனிப்பார்கள். வலித்தால் பல்லைக் கடித்துக் கொண்டிராமல் உடனே சொல்ல வேண்டும். மேலும் மருந்து செலுத்தி அதனை அடக்கலாம். முழு மயக்கம் வேண்டுமா என்பதை வைத்தியரே முடிவு செய்வார்.

வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்குவதுபோல, இந்நோயாளரின் உடலில் பல மருந்துகள் தேங்கி நிற்கும். மார்பின் தேங்கினால் மூச்சு மந்தமாகும். பெத்திடின் தேங்கினால் வலிப்பு வரலாம். ஆகவே வைத்தியர்கள் ஏற்ற மருந்தைத் தேர்ந்து, சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள். அதைக் குறையாகக் கருத வேண்டாம், அதுவே பாதுகாப்பு.

நோயாளி செய்ய வேண்டியவையும் உள. உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, முன்கூட்டியே சொல்ல வேண்டும். மலச்சிக்கல் இருப்பின் அதனையும் தெரிவிக்க வேண்டும்; குடல் நிறைந்திருந்தால் குழாய் சரிவர வடியாது. சிகிச்சைக்குப் பின் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கலாகாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை எஞ்சியிருக்கும் சிறுநீரகச் சக்தியையும் கெடுக்கக் கூடும். வைத்தியர் குறித்த அளவில் பாராசிட்டமால் பெரும்பாலும் போதுமானது. புண் ஆறும்வரை மூட்டை தூக்குதல், மண்வெட்டி பிடித்தல் கூடா. காய்ச்சல், சீழ், அதிகரிக்கும் வலி, வடியும் நீர் கலங்கல் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

ஊராட்சி அங்கத்தினர்களே! உங்கள் ஊரில் இத்தகைய நோயாளர் எவரேனும் இருப்பின், அவர் இல்லம் சென்று இவற்றை எடுத்துக் கூறுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து, நாமக்கல் அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வழி செய்யுங்கள். முதல்வரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். சாலையும் குடிநீரும் போலவே, நோயுற்றவரின் அச்சத்தைப் போக்குவதும் கிராம முன்னேற்றப் பணியே ஆகும்.