ஒருமுறையாவது பகலில் ஏறுங்கள்

டிசம்பர் பௌர்ணமி நெருங்கிவிட்டால் மலையகத்தில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "இந்த வருசம் மலைக்குப் போறீங்களா?" எந்த மலை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. சிவனொளிபாதமலைதான். அந்தப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரைக்கும் சீசன்.

உச்சியில் சூரியன் உதிப்பதையும், மலையின் முக்கோண நிழல் விழுவதையும், எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை தடவை மணியடிப்பதையும் நீங்கள் நிறையவே கேட்டிருப்பீர்கள். பாதச்சுவடு யாருடையது என்று நாலு சமயத்தாரும் சொல்லும் கதைகளும் உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் இன்றைக்கு நான் தொடப்போவதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: ஒருமுறையாவது பகலில் ஏறுங்கள்.

உதயம் பார்க்கவென்று ராத்திரியில் ஏறுகிறவருக்குப் படி தெரியும், லைட் வெளிச்சம் தெரியும், முன்னால் போகிறவரின் முதுகு தெரியும். மலை தெரியாது. பகலில் போனால், தேயிலை எந்த இடத்தில் முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது, மேலே போகப் போக மரங்கள் எப்படிக் குட்டையாகிப் பாசி போர்த்துக்கொள்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஏறலாம்.

இதற்குத் திட்டம் வேண்டும். முதல் நாள் காலையில் ரயிலில் அட்டனுக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து நல்லதண்ணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் பஸ். நோர்வூட் தாண்டி, மஸ்கெலியா...

மஸ்கெலியாவில் இறங்கிவிடுங்கள் நேயர்களே! பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அடுத்தது வரும். முதலில் ஒரு சின்னக் கடையாகப் பார்த்து நுழைந்து ரொட்டி கேளுங்கள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தடிப்பாகத் தட்டிக் கல்லில் போட்ட ரொட்டி. விளிம்பு லேசாகக் கருகியிருக்க வேண்டும். காய்ந்த மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச்சம்பல் பக்கத்தில் வரும். கூடவே சாயத்தண்ணி, இஞ்சி தட்டிப் போட்டது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் இதைச் சாப்பிட்டுத்தான் மலையேறுகிறார்கள். நாளைக்கு ஏறப்போகும் உங்களுக்கும் இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர்ப் பக்கமாக நடந்து போங்கள். மவுசாகலை நீர்த்தேக்கம். அழகாக இருக்கும், படம் எடுப்பீர்கள். ஆனால் அந்தத் தண்ணீருக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது. பழைய மஸ்கெலியா. 1969இல் முடிந்த அணைக்கட்டுக்காக அந்த ஊர் முழுவதும் நீருக்குள் போனது. இன்றைக்கு நாம் ரொட்டி சாப்பிட்ட மஸ்கெலியா, மேட்டில் புதிதாக எழுந்த ஊர்.

எங்கள் அப்பாயி பழைய டவுனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ராச்சாப்பாடு ஆறிப்போகும். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனம் அந்தக் கடைவீதிக்குத்தான் இறங்கும். கருவாடு, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி, எல்லாம் அங்கேதான். தண்ணி ஏறப்போகிறது என்று தெரிந்ததும், கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றித் தலையில் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறினவர்களைப் பற்றிச் சொல்லுவார். "சாமானத் தூக்கிட்டு வந்துட்டோம், தெருவ எப்பிடித் தூக்குறது?" என்று கேட்பார்.

மழை பொய்த்த வருடங்களில் தண்ணீர் இறங்கும்போது அந்த ஊர் தலைகாட்டும். கோயில் இருந்த இடம், விகாரை இருந்த இடம், பள்ளிவாசல் இருந்த இடம் எல்லாம் வெளியே வரும். பாளம் பாளமாக வெடித்த சேற்றில் அப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். வரிசை கலையாமல் நிற்கும் பழைய தேயிலைக் கட்டைகளைத் தாண்டி, சிதைந்த ஒரு செங்கல் படியில் நின்று, "இது துணிக்கடை, அது சாயத்தண்ணிக் கடை" என்று விரல் நீட்டிக் காட்டுவார். எனக்குத் தெரிந்தது சேறு மட்டும்தான். அவருக்குக் கடைவீதி முழுவதும் தெரிந்தது.

இதை ஏன் மலைப் பயணத்தில் சொல்கிறேன்? அந்தத் தண்ணீர் மலையின் தண்ணீர். சிவனொளிபாதக் காட்டில் பெய்கிற மழைதான் மஸ்கெலி ஓயாவாக இறங்குகிறது. இந்த ஆற்றிலிருந்தும் கெஹெல்கமு ஓயாவிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துச் சொன்னார். இரண்டு ஆறுகளும் சேர்ந்தால் களனி கங்கை. கொழும்பு நேயர்களே, உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் இந்த மலை இருக்கிறது. நீங்கள் போடும் லைட்டிலும் அந்த மூழ்கிய தெருவுக்குப் பங்கிருக்கிறது. அந்த மின்சாரம் தலைநகருக்குப் போய் நெடுங்காலம் ஆன பிறகும், ஓயாவின் கரையிலிருந்த லயங்களில் குப்பி விளக்குதான் எரிந்தது. இதைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நேரம் ஓடிவிட்டது, மலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்லதண்ணியில் தங்கி, காலை 5.30க்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். உயரம் 2,243 மீற்றர், படிகள் 5,000க்கும் மேல். ஏற நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சீத கங்குலவின் குளிர்ந்த நீரில் முகம் கழுவிக்கொள்ளுங்கள். முதல் தடவை போகிறவர்கள் இந்திகட்டுபானவில் ஊசியும் நூலும் கட்டிவிட்டுப் போவது வழக்கம். உச்சிக்குக் கிட்டே படி செங்குத்தாகிவிடும். அங்கே கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறுங்கள், வேகம் காட்டவேண்டிய இடமல்ல அது. மார்ச், ஏப்ரலில் பின்னேரத்தில் இடிமழை வரும், ஆகவே பகல் 12 மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். முழங்கால் சோதனை இறக்கத்தில்தான். ஒரு தடி கையில் இருக்கட்டும். நெஞ்சு வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். தொப்பி, தண்ணீர், ஒரு ஸ்வெட்டர் போதும். கொண்டுபோகும் பொலித்தீன் ஒவ்வொன்றும் உங்களோடு திரும்பி வரவேண்டும். அங்கே நாம் போடும் குப்பை நம் ஆற்றுக்குத்தான் வந்து சேரும்.

போயாவும் வார இறுதியும் இல்லாத நாளாகப் பார்த்துக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். லீவு கேட்கும்போது இரண்டு நாளாகக் கேளுங்கள். ஒரு நாள் மலைக்கு, மற்றது மஸ்கெலியாவுக்கு. டவுனில் வயதான யாராவது வாசலில் உட்கார்ந்திருந்தால், "பழைய டவுன் எந்தப் பக்கம் இருந்துச்சு, ஐயா?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே சொல்லுவார்.