முன்பாரம்



எங்கள் ஊர் திருவாதவூர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் பிறந்த ஊர். எங்கள் மேலூர் வட்டாரத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும்போது சாலையோரம் நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று எந்தப் பிரிவானாலும் சரி, பூட்டியிருக்கும் வண்டியில் வண்டி என்று சொல்லப் பெரிதாக எதுவும் இருக்காது. இரண்டு சக்கரம், ஓர் அச்சு, நுகத்தடி, சாரதி உட்கார ஒரு சட்டம், அவ்வளவுதான். வைக்கோல் ஏற்றும் வண்டியில் இருக்கிற பலகையும் முளைக்குச்சியும் அதில் கிடையாது. ஓடுகிற வண்டிக்குப் பாரம் பகை என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித் தரவேண்டிய பாடமில்லை.

ஆனால் நான் இன்று பேச வந்தது கார் பற்றி. குறிப்பாக, பந்தயக் காரின் பேட்டரி பற்றி.

என் அக்கா மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். பந்தயத்தில் தீராத ஆசை. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி போர்ஷே காரோடு இறங்கித் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததே, அன்றிலிருந்து அவனுக்கு ஆசை இன்னும் கூடிவிட்டது. போன பங்குனியில் ஊருக்கு வந்தவன், "மாமா, இதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க" என்று காரிலிருந்து பேட்டரியைக் கழற்றி நீட்டினான். முப்பது ஆண்டு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுத்தவன் நான். பேட்டரி தூக்குவதற்கு முன் இடுப்பைத் தயார் செய்துகொள்வது பழக்கம். அப்படித் தயாராகித் தூக்கினேன். கை விசுக்கென்று மேலே போய்விட்டது. மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். வண்டியோடு வந்த பழைய ஈய பேட்டரி பத்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. புதிய லித்தியம் பேட்டரி மூன்று கிலோகூட இல்லை.

ஈய பேட்டரியை 1859-இல் உருவாக்கியவர் பிரான்சு நாட்டுக் காஸ்டன் பிளான்டே. காருக்குள் அது நிலையாக இடம் பிடித்தது 1912-இல், சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் மோட்டார் காடிலாக் காரில் வந்தபோது. அதுவரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் இஞ்சினைக் கிளப்ப வேண்டும். செல்ஃப் மோட்டார் சில நொடிகளுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதைச் சளைக்காமல் கொடுக்கக்கூடியது, மலிவானது, முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்குவது என்பதால் ஈயம் நூறாண்டைத் தாண்டியும் பானெட்டுக்கடியில் குடியிருக்கிறது. அதன் ஒரே பெருங்குறை எடை. ஈய அணுவின் எடை 207, லித்தியம் அணுவின் எடை 7. தராசில் தெரிந்த வித்தியாசத்தின் வேர் அங்கே இருக்கிறது.

கார்க் கம்பெனிகளில் இதைத் துணிந்து செய்து காட்டியது போர்ஷே. 2009 இறுதியில், 911 ஜிடி3, ஜிடி3 ஆர்எஸ், பாக்ஸ்டர் ஸ்பைடர் ஆகிய கார்களுக்கு, தனியாகப் பணம் கொடுத்தால் லித்தியம் பேட்டரி தருவதாக அறிவித்தது. எடை 6 கிலோவுக்கும் குறைவு. வழக்கமான 60 ஆம்பியர்-ஹவர் ஈய பேட்டரியைவிடச் சுமார் 10 கிலோ மிச்சம். விலை ஜெர்மனியில் ஏறத்தாழ 1900 யூரோ. இந்த பாக்ஸ்டர் ஸ்பைடர் வெறும் 1275 கிலோ. எடை குறைக்க அதிலிருந்து ஏசியையும் ரேடியோவையும்கூட எடுத்துவிட்டார்கள். வானொலியில் பேசுகிற எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

1275 கிலோவில் 10 கிலோ என்ன பெரிது? நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையே என்று கேட்பீர்கள். என் மாணவர்களும் கேட்பார்கள். நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு கார் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. அந்தப் பத்துக் கிலோவை மட்டும் அந்த வேகத்துக்குக் கொண்டுபோக ஆகும் ஆற்றல் 8000 ஜூல். அதே ஆற்றலைக் கொண்டு பத்துக் கிலோவை 80 மீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைப் போல ஒன்றரை மடங்கு உயரம். வேகம் பிடிக்கும்போது இஞ்சின் தூக்குகிறது, வளைவுக்கு முன்னால் பிரேக் அதைச் சூடாக்கி வீணாக்குகிறது, வளைவு முடிந்ததும் இஞ்சின் மறுபடி தூக்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். எத்தனை சுற்று, எத்தனை பிரேக் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்தத் தடத்தில் கார்கள் நொடியில் பத்தில் ஒரு பங்குக்காக அடித்துக்கொள்கின்றன.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இது தெரியும். மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரம், மாட்டின் கழுத்து நோகும். பின்னால் தள்ளினால் பின்பாரம், நுகத்தடி மேலே தூக்கும். கார்களில் பெரும்பாலும் பேட்டரி இருக்குமிடம் முன் மூலை. இஞ்சினும் முன்னால், கியர்பாக்ஸும் முன்னால், போதாததற்கு ஈயமும் முன்னால். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வண்டியின் நடுவிலிருந்து தள்ளி, மூலையில் இருக்கிற பாரம் திரும்ப மறுக்கும். நீளமான கழியின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள், புரியும். அதனால்தான் பந்தயக்காரர்கள் பேட்டரியை இலேசாக்குவதோடு விடாமல், நடுப்பக்கமாகவும் தாழ்வாகவும் நகர்த்துகிறார்கள். என் அனுபவத்தில், காசு போட்டு லித்தியம் வாங்க முடியாதவர்களுக்கு இந்த இடமாற்றமே பாதிப் பலன் தரும்.

இந்த இலேசான பேட்டரியின் கதையில் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் இளங்கலையும் முதுகலையும், சென்னை ஐஐடியில் 1981-இல் முனைவர் பட்டமும் பெற்றார். பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அங்கிருந்து கிளம்பி ஜான் குட்எனஃப் என்ற பெரிய விஞ்ஞானியிடம் போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் லித்தியம் பேட்டரிக்குக் கோபால்ட் வேண்டியிருந்தது. கோபால்ட் விலை அதிகம். மலிவான இரும்பைப் பயன்படுத்தலாம் என்றால், இரும்பு ஆக்சைடு தரும் வோல்ட்டேஜ் போதவில்லை. இரும்போடு வெறும் ஆக்சிஜனைச் சேர்ப்பதற்குப் பதிலாகச் சல்பேட்டைச் சேர்த்தால் என்ன என்று இருவரும் பார்த்தார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியும் ஓர் இரும்புச் சல்பேட்தான். சல்பேட்டில் இருக்கிற கந்தகம் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிடி தளர்ந்து வோல்ட்டேஜ் ஏறுகிறது. 1989-இல் வெளியான ஆய்வில் அது 3.6 வோல்ட்டை எட்டியது. இந்த வழியிலேயே தொடர்ந்து, 1997-இல் குட்எனஃபின் ஆய்வகத்தில் அக்ஷய பாதி என்ற இன்னோர் இந்தியர் முன்னின்று செய்த ஆய்வில் வந்ததுதான் லித்தியம் இரும்புப் பாஸ்பேட்.

இதில் ஒரு செல் 3.2 வோல்ட். நான்கைக் கோத்தால் 12.8. ஈய பேட்டரியின் ஆறு செல் சேர்ந்து தருவது 12.6. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! கோபால்ட் வகையில் மூன்று கோத்தால் 11.1, நான்கு கோத்தால் 14.8. இரண்டுமே கார் வயரிங்குக்கு ஒத்துவராது. பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை மாட்ட முடிகிறது என்றால், அது அந்த இரும்பின் வோல்ட்டேஜை உயர்த்திய யோசனையால்தான். பாஸ்பேட் ஆக்சிஜனை எளிதில் விடாது என்பதால் தீப்பிடிக்கும் அபாயமும் கோபால்ட் வகையைவிடக் குறைவு. 2019-இல் குட்எனஃபுக்கு 97 வயதில் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரை நிகழ்த்தியவர் நம் மந்திரம். அன்று அந்தப் பேச்சைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இனி, இளைஞர்களுக்குச் சில வார்த்தை. என் அக்கா மகனுக்குச் சொன்னதையே சொல்கிறேன்.

அவன் மாட்டியிருந்த புதிய பேட்டரி பழையதைவிட உருவத்தில் சிறியது. தட்டில் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் தெர்மாகோல் அடைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிளஸ் டெர்மினல் பானெட்டில் உரசினால் என்ன ஆகும்? பந்தய விதிகளில் பேட்டரியை இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டு இறுக்கச் சொல்வது சும்மா இல்லை. மொத்த மின்சாரத்தையும் ஒரே திருகில் அணைக்கும் சுவிட்சு வேண்டும், அதன் பக்கத்தில் நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் படம் ஒட்ட வேண்டும் என்பதும் விதி. வண்டி கவிழ்ந்து கிடந்தால், ஓடி வருகிறவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கை வைப்பார். அன்று சாயங்காலமே மேலூரில் வெல்டரிடம் போய்ப் பட்டை அடித்து மாட்டிவிட்டுத்தான் சாப்பிட்டோம்.

இரண்டாவது, சூடு. போர்ஷேக்காரர்களின் கவலை குளிர். உறைபனியில் லித்தியம் சோம்பும் என்பதால் கூடவே ஓர் ஈய பேட்டரியும் கொடுத்தார்கள். நமக்கு அக்னி நட்சத்திரம். சைலன்சர் குழாய் பக்கத்தில் இருந்தால் நடுவே தகடு வைத்து மறைக்க வேண்டும். சார்ஜ் ஏற்ற லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜர்தான் வேண்டும்.

மூன்றாவது, இந்த பேட்டரியில் கிளப்பும் பலம் உண்டு, கையிருப்பு குறைவு. அலாரமும் கடிகாரமும் கொஞ்சங்கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவன் காரைப் பதினெட்டு நாள் நிறுத்தி வைத்திருந்தான். கிளம்புகிற அன்று சாவியைத் திருப்பினால் 'டிக்' சத்தம்கூட இல்லை. சார்ஜ் அடியோடு இறங்கினால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் பேட்டரியைத் துண்டித்துவிடும். அக்கம்பக்கத்தார் நால்வர் தள்ளிப் பார்த்தும் வண்டி கிளம்பவில்லை.

தினமும் வேலைக்குப் போய் வரும் காருக்கு இது தேவையே இல்லை என்பேன். தொட்டியில் 14 லிட்டர் பெட்ரோலைக் குறைத்துப் போட்டாலே 10 கிலோ குறையும். மேலூர் சாலையில் அந்தப் பத்துக் கிலோ உங்களுக்கு எதையும் மிச்சப்படுத்தாது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கும் வரிசை உண்டு. முதலில் ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கிற சாமான், இவற்றைக் கழற்ற ஒரு பைசா செலவில்லை. அதன்பிறகு பேட்டரி.

அக்கா மகன் இப்போது இரண்டையும் வைத்திருக்கிறான். இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈயத்தைக் கழற்றி லித்தியத்தை மாட்டுகிறான். இரண்டு நட்டு, ஒரு பட்டை, கால் மணி நேரம். ஊருக்கு வரும்போது பழைய பேட்டரி. பொங்கலுக்கு வந்தவன் ஒரு வாரம் தங்கினான். காரை வேப்பமரத்தடியிலேயே விட்டிருந்தோம். கிளம்புகிற அன்று விடியற்காலையில் சாவியைத் திருப்பினான், ஒரே செல்ஃபில் கிளம்பிவிட்டது.