ஏன் என்று கேட்கும் மனம்



விண்ணரசில் யார் பெரியவர் என்று சீடர்கள் இயேசுவிடம் கேட்டதை மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் ஒரு குழந்தையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்துகிறார். குழந்தையைப் போல் ஆவது என்றதும் அடக்கமாக, சொன்ன பேச்சைக் கேட்டு இருப்பது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருப்பவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு வரை அதற்கு ஒரே கேள்விதான்: ஏன்? தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு வெட்கமே இல்லை. ஆண்டவர் சுட்டிக்காட்டிய தாழ்ச்சி அந்த இடத்தில் தொடங்குகிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

நம் பேரணாம்பட்டுக்கு எட்டும் தூரத்தில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அப்படி ஒருவர் வாழ்ந்தார். டாக்டர் பால் பிராண்ட். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். பாப்திஸ்து மறைபணியாளர்களின் மகன். 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்து, ஒன்பது வயது வரை அந்த மலைப்பிள்ளைகளோடு மரம் ஏறித் திரிந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படிப்பதற்கு முன்பே தச்சு வேலையும் கொத்து வேலையும் பழகியவர். 1946இல் வேலூர் வந்தார்.

அடுத்த ஆண்டு செங்கற்பட்டு அருகே இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். கை மடங்கி, விரல்கள் உள்நோக்கிச் சுருண்ட நோயாளர்களை அங்கே கண்டார். அறிஞர்கள் பலர் பார்த்துப் பழகிய காட்சிதான் அது. அவர் ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பலமே இருக்காது என்று எண்ணியவருக்குக் கை வலித்துவிட்டது! அப்படியானால் இந்தக் கையில் உயிருள்ள தசைகள் இருக்கின்றனவே, இதை ஏன் யாரும் சீராக்கவில்லை என்று கேட்டார். 1948இல், பொது மருத்துவமனைகள் தொழுநோயாளரை வாசலிலேயே திருப்பி அனுப்பிய அந்தக் காலத்தில், மடங்கிய கைகளை விரிக்கும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்.

கேள்வி அத்தோடு நிற்கவில்லை. விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன? நோய் அழுக வைக்கிறது என்பதே எல்லாரும் நம்பிய பதில். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் தடுமாறினார். நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது; அவனுக்கோ தெரியவே இல்லை. தோலில் உணர்வு செத்துப்போனதால்தான் காயம் காயத்தின்மேல் சேர்ந்து விரல் போகிறது என்று கண்டுகொண்டார்கள். பிறகு மெத்தென்ற ரப்பர் அடியுள்ள செருப்புகள் வந்தன. கால் புண்ணாகாமல் எத்தனையோ பேர் நடந்தார்கள். ஆம்பூரிலும் இங்கேயும் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டிய சேதி.

தோலைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. விரலால் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் பெரியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பதனிட்ட தோல் கெடாது, நாறாது, பல ஆண்டு உழைக்கும். ஆனால் அதைக் குத்தினாலும் அதற்குத் தெரியாது. முப்பது, நாற்பது ஆண்டு திருப்பலிக்கு வந்து பழகிய நம் உள்ளமும் அப்படிப் பதமாகிப் போக வாய்ப்பு உண்டு. செபங்கள் மனப்பாடம். பிரசங்கம் எங்கே போகும் என்பதும் தெரியும். (இந்தப் பிரசங்கமும்தான்.) பக்கத்து வீட்டில் ஒரு தாய் மூன்று நாளாக அடுப்பு மூட்டவில்லை என்றால் மட்டும் நமக்கு எதுவும் உறைப்பதில்லை.

குழந்தை இயேசுவின் புனித தெரேசா 24 வயதிலேயே இறந்தவர், பெரிய படிப்பு இல்லாதவர். அவரைத் திருச்சபை 1997இல் மறைவல்லுநர் என்று அறிவித்தது. அவருடைய சிறிய வழியை நாம் நவநாளில் பாடுகிறோம், அவ்வளவோடு விட்டுவிடுகிறோம்.

டாக்டர் பிராண்டின் தாயார் எவ்லின் அம்மையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவர் 1929இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். ஓய்வுபெறும் வயது வந்த பிறகும் அம்மையார் ஊர் திரும்பவில்லை. குதிரைமேல் ஏறி மலைக்கிராமங்களுக்கு மருந்தும் மறைபோதனையும் கொண்டு போனார். 1974இல் தம் 95ஆம் வயதில் இறந்தார். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லை என்று மகன் எழுதியிருக்கிறார். தன்னைப் பார்த்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை. பார்க்க அவரைச் சுற்றி அவ்வளவு இருந்தது.

நம் மறைக்கல்விப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: சாமி ஏன் திராட்சை இரசத்தில் துளி தண்ணீர் ஊற்றுகிறார்? பீடத்தை ஏன் முத்தமிடுகிறார்? அந்த விளக்கு ஏன் இரவிலும் எரிகிறது? கோயிலில் பேசாதே என்று தொடையில் கிள்ளுகிறோம். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பங்குச்சாமியிடம் போங்கள். அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளை கேட்கட்டும். நாமும் கூட நின்று கேட்போம்.