கேட்டதும் தயாராகும் மீ



விரைவு உணவு என்றதும் பலருக்கு பர்கரும் பொரித்த கோழியும்தான் நினைவுக்கு வரும். மெக்டோனால்ட்ஸ் சிங்கப்பூரில் கடை திறந்தது 1979இல். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே தெருவோரங்களில் விரைவு உணவு இருந்தது. கேட்டவுடன் வேகவைத்து, பொட்டலம் கட்டிக் கையில் கொடுக்கும் மீ, அதாவது நூடல்ஸ். அந்த மீ கடைக் கைத்திறனைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

வேலை முடிந்து பசியோடு வருபவருக்குச் சாப்பாடு சீக்கிரம் கிடைப்பது நல்லதுதான். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பர்கர் கடையில் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே சுவை. பெரும்பாலும் உறையவைத்து வந்த பொருள். மீ கடையில் வேகம் விடியற்காலை உழைப்பிலிருந்தும் பழகிய கையிலிருந்தும் வருகிறது. எலும்போ நெத்திலியோ போட்டு மணிக்கணக்கில் கொதித்த சாறு காத்திருக்கிறது, கீரை நறுக்கியாகிவிட்டது. நாம் கேட்கும்போது மிச்சமிருப்பது கடைசிச் சில நிமிட வேலை மட்டுமே.

அந்தச் சில நிமிடங்களை ஒரு வான்டன் மீ கடை முன்னால் நின்று பாருங்கள். கடைக்காரர் ஒரு பிடி மெல்லிய மஞ்சள் மீயை உதறிப் பிரித்து, நீண்ட பிடியுள்ள வடிகட்டியில் போட்டுக் கொதிநீரில் இறக்குகிறார். நீள்குச்சியால் கலைத்துவிடுகிறார். ஒரு நிமிடம்கூட ஆகாது. எடுத்துப் பச்சைத்தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடி கொதிநீரில் ஒரு முக்கு, பிறகு ஓங்கி ஓர் உதறல். மாவில் சேர்த்த காரநீர்தான் மீக்கு மஞ்சள் நிறத்தையும் பல்லில் படும் உறுதியையும் தருகிறது; அதன் வாடை பச்சைத்தண்ணீரில் கழிகிறது, வேகலும் அங்கேயே நிற்கிறது. சற்றுத் தாமதித்தால் மீ குழைந்துவிடும். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. குமிழியும் கைப்பழக்கமும் சொல்லிவிடும்.

புது மீயின் பலமும் இதுதான். அதில் ஈரம் ஏற்கெனவே இருப்பதால் சட்டென்று வெந்துவிடுகிறது. பொட்டல உடனடி நூடல்ஸ் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்து உலர்த்தப்பட்டது. புது மீக்கு அது தேவையில்லை. பான் மியான் கடையில் மாவை அங்கேயே தட்டி வெட்டுகிறார்கள். கையால் பிய்த்துப் போடச் சொன்னாலும் போடுவார்கள். கீரை, முட்டை, நெத்திலியோடு ஒரு கிண்ணத்தில் முழுச் சாப்பாடு.

இந்தக் கலையில் நம்மவர் பங்கும் உண்டு. சீனர்களின் மஞ்சள் மீயை எடுத்து, மிளகாய் விழுது, தக்காளி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டை சேர்த்துச் சூடேறிய இரும்புச் சட்டியில் செக்கச்செவேலென்று பிரட்டி எடுத்தவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். மீ கோரெங்குக்கு அவர்கள் கொடுத்த சுவை இந்த மண்ணிலேயே பிறந்தது.

வீட்டுக்கு வாங்கிப்போவதிலும் பக்குவம் இருக்கிறது. சூப்பில் ஊறினால் மீ உப்பிப் பொதபொதவென்று ஆகிவிடும். அதனால் நல்ல கடைக்காரர் சூப்பைத் தனியாகத்தான் கட்டித் தருவார். நாமும் கேட்டு வாங்கலாம். ஹொக்கியன் மீயைப் பாக்கு மட்டையில் மடித்துத் தரும் கடைகள் இன்னும் சில உள்ளன. அந்தச் சூட்டில் மட்டையின் மணம் மீயில் இறங்குவது பிளாஸ்டிக் பெட்டியில் கிடைக்காத சுவை.

குறையையும் சொல்ல வேண்டும். சூப்பிலும் சோயாக் குழம்பிலும் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சூப்பு முழுவதையும் குடித்தால் அந்த அளவில் பெரும்பங்கு ஒரே வேளையில் போய்விடும். ஆனால் இங்கே சமைப்பவர் நம் கண்முன் நிற்கிறார். சோயா குறையுங்கள், கீரை கூட்டுங்கள், பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த உணவே மாறிவிடுகிறது. விரைவு உணவுக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

2016இல் ஒரு பன்றி இறைச்சி மீ கடை மிச்லின் நட்சத்திரம் பெற்றது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பெருமைதான். ஆனால் அடுப்படியில் நிற்பவர்களில் பலர் அறுபதைத் தொட்டவர்கள். விடிவதற்கு முன்பே எழுந்து சாறு கொதிக்கவைக்க இளையவர்கள் வர வேண்டுமானால், அந்த உழைப்புக்கு ஏற்ற வருமானம் இருக்க வேண்டும். பர்கருக்கு மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கும் நாம், மீ விலை ஐம்பது காசு ஏறினால் முகம் சுளிக்கிறோம். புதிதாகப் பிசைந்து, புதிதாக வேகவைத்து, நம் விருப்பத்தைக் கேட்டுச் செய்து தரும் உணவுக்கு உரிய விலையை மனமாரக் கொடுப்போம். இந்தக் கலை நிலைக்க நாம் செய்யக்கூடிய முதல் காரியம் அதுவே.