பைன் பேலட் விறகுக்குத்தானா?

(ஒரகடம் பகுதி சிறுதொழில் நடத்துவோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரிகளைத் தினமும் பார்க்கிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரங்களையும் உதிரிபாகங்களையும் தாங்கி வருகிற பேலட், பெட்டிகளில் பைன் மரம் நிறைய உண்டு. வெளிர் மஞ்சள் நிறம், லேசான பிசின் வாசனை. சரக்கை இறக்கியதும் நல்ல பலகை மறுபடி பேலட் ஆகும். உடைந்தது விறகு விலைக்குப் போகும். அந்த உடைந்த மரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன்.

காகிதத்துக்கு வேண்டியது மரத்தின் நார். சவுக்கு, தைல மரத்தின் நார் சுமார் 1 மில்லிமீட்டர் நீளம்தான். பைன் நார் சுமார் 3 மில்லிமீட்டர். இந்த நீள நார்தான் அட்டைப்பெட்டிக்கும் சிமென்ட் பைக்கும் கிழியாத பலம் தருது. நம்ம நாட்டில் இது குறைவு. அதனால் நீள நார்க் கூழை இறக்குமதி செய்கிறோம். ஸ்வீடன், கனடா போன்ற நாடுகளில் அறுவை மில்லில் கழியும் ஓரக்கட்டைகளைச் சில்லுகளாக்கிக் கூழ் ஆலைக்கு அனுப்பிடுறாங்க.

"இங்கே நடக்குமா?" என்று கேட்பீங்க. கரூர் மாவட்டம் காகிதபுரத்தைப் பாருங்க. சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்து வந்த கரும்புச் சக்கையை வைத்தே அங்கே டி.என்.பி.எல். ஆலை 1984-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சக்கையைக் கொடுத்த சர்க்கரை ஆலைகளுக்கு மாற்று எரிபொருளும் நீராவியும் கிடைக்க ஏற்பாடு செய்தாங்க. எரித்தவருக்கும் நஷ்டமில்லை, ஆலைக்கும் சரக்கு கிடைத்தது.

ஆனால் சக்கை ஒரே மாதிரிச் சரக்கு. நம்ம மரக்கழிவு அப்படியில்லை. ஆணி, பெயின்ட், எண்ணெய்க் கறை, பிளைவுட் எல்லாம் கலந்து கிடக்குது. கலந்த சரக்கைக் கூழ் ஆலை வாங்காது. எனவே மூன்று காரியம் செய்யுங்க.

முதலில், பேலட்டில் உள்ள கோதுமைக்கதிர் முத்திரையைப் பாருங்க. ஹெச்.டி. என்றால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றிய மரம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. அதைத் தனியே வையுங்க, அடுப்புக்குக் கொடுக்காதீங்க.

இரண்டாவது, ஆணி பிடுங்கிய சுத்தமான கட்டை ஒரு பக்கம், பிளைவுட் ஒரு பக்கம், மரத்தூள் ஒரு பக்கம். தூளில் நார் அறுபட்டுப் போவதால் வலுவான கூழுக்கு உதவாது. எரிகட்டி செய்பவருக்குக் கொடுக்கலாம். எதையும் திறந்தவெளியில் கொளுத்தாதீங்க. திடக்கழிவு விதிகள் அதைத் தடை செய்கின்றன.

மூன்றாவது, மாதாமாதம் எடை போட்டு எழுதி வையுங்க. ஒரு பட்டறையின் கழிவு லாரி வாடகைக்குக்கூடக் கட்டாது. பத்துப் பட்டறை சேர்ந்து, "மாதம் இத்தனை டன், ஒரே தரம்" என்று சொன்னால்தான் ஆலையோடு விலை பேச முடியும். அந்தக் கணக்கை இந்த மாதமே தொடங்குங்க.