மூன்று கிழமைக் குட்டியும் ஒன்பது வயதுப் பிள்ளையும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உயர்தர வகுப்பில் இனப்பெருக்கத் தொகுதிப் பாடம் நடந்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குனிந்தபடியே குறிப்பு எழுதினோம். அப்போது கேட்காமல் விட்ட ஒரு விடயத்தை இன்று பேசப்போகிறோம்: சுண்டெலிக் குட்டியின் பாற்சுரப்பி. சிரிக்க வேண்டாம், கடைசியில் உங்கள் வீட்டுப் பிள்ளையிடந்தான் வந்து நிற்போம்.

பெண் சுண்டெலிக்குப் பாற்சுரப்பிகள் 5 சோடி. குட்டி பிறக்கும்போது ஒவ்வொரு காம்பின் கீழும் சில கிளைகள் கொண்ட ஒரு சின்னக் கான்தொகுதி மட்டுமே உண்டு. அதைத் தாண்டி வெறும் கொழுப்புப் படுக்கை. ஏறத்தாழ மூன்று கிழமை வரை அது உடம்போடு ஒட்டி மெதுவாகத்தான் வளரும். பிறகு சூலகம் விழித்துக்கொள்கிறது. கான்களின் நுனிகள் குமிழ்போலப் பருத்து, கொழுப்பைத் துளைத்துக் கிளைவிட்டுக்கொண்டே போகின்றன. 10, 12 கிழமையில் படுக்கையின் விளிம்பை அடைந்ததும் குமிழ்கள் மறைந்துவிடும்.

"ஈஸ்திரோஜன் செய்கிறது" என்று ஒரு வரியில் பாடமாக்கினோம். அது பாதி உண்மைதான். 1950களில் கலிபோர்னியாவில் லயன்ஸ் எலியிலும் நந்தி சுண்டெலியிலும் சூலகம், அதிரீனல், கபச்சுரப்பி மூன்றையும் அகற்றிவிட்டு, ஓமோன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்திரோஜன் தனித்து நின்று கானை வளர்க்கவில்லை. கபச்சுரப்பியின் வளர்ச்சி ஓமோனும் கூட வேண்டியிருந்தது. பால் சுரக்கும் சிற்றறைகள் உண்டாவதற்கு புரோஜெஸ்தரோனும் புரோலக்ரினும் சேர வேண்டும்.

எங்களுக்கு மறக்க முடியாதது 1959இல் டியோமும் கூட்டாளிகளும் வெளியிட்ட பரிசோதனை. மூன்று கிழமைக் குட்டியில், கான் இன்னும் பரவாத நேரத்தில், காம்புக்குக் கிட்ட உள்ள அந்தச் சிறு பகுதியை வெட்டி எடுத்தார்கள். குட்டி வளர்ந்தது. சூலகம் வேலை செய்தது. இரத்தத்தில் ஓமோன்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அந்தப் படுக்கை மட்டும் வெறுமையாகவே கிடந்தது. இன்னொரு சுண்டெலியின் பாற்சுரப்பியிலிருந்து ஒரு துணுக்கை அதில் வைத்தபோதோ, அது படுக்கை முழுவதும் கிளைத்துப் பரவியது. ஓமோன் கட்டளை இடும். கேட்பதற்கு அங்கே கலங்கள் இருக்க வேண்டும்.

இனிப் பிள்ளையிடம் வருவோம். எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத்துக்குப் போனவர்கள் சந்திக்கும்போதெல்லாம் இந்தக் கதை வரும். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை, ஒரு பக்கக் காம்பின் கீழ் நோவுடன் சின்னக் கட்டி, அழுத கண்ணோடு தாய். அது பெரும்பாலும் மார்பு அரும்புதான். 8 வயதுக்கும் 13க்கும் இடையில் வரும். ஒரு பக்கம் முந்தி, மற்றது சில மாதம் பிந்தி வருவது வழமை. அந்த வயதில் மார்பகப் புற்றுநோய் மிக மிக அரிது. ஆனால் அந்த அரும்பை வெட்டினால், சோதனைக்கென்று துண்டு எடுத்தாலும்கூட, அந்தப் பக்க மார்பு வளராமலோ கோணலாகவோ போகலாம். பிறகு எந்த ஓமோனும் அதை மீட்டுத் தராது.

8 வயதுக்கு முன் வந்தால், சிவந்து காய்ச்சல் அடித்தால், காம்பில் இரத்தம் கசிந்தால், கட்டி வேகமாகப் பெருத்தால் கட்டாயம் காட்டுங்கள். அப்போதும் முதலில் கையால் பார்ப்பதும் ஸ்கான் எடுப்பதுந்தான்.

ஒரு தாய் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த துண்டோடு எங்களிடம் வந்தார். "வெட்டி எடுத்தால் நிம்மதி, டொக்டர்" என்றார். நாங்கள் சுண்டெலிக் கதையைச் சொன்னோம். தாய் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அதுவரை வாய் திறக்காத பிள்ளைதான் கேட்டாள்: "மற்றப் பக்கமும் வருமா, அன்ரி?"

வரும் என்றோம். ஐந்தாம் மாதம் வந்தது.