இடிக்க வேண்டாம், கதவை மாத்துங்க!



'பழைய சமையலறை அலமாரியை இடித்துவிட்டுப் புதிதாகச் செய்வதா, கதவை மட்டும் மாற்றிப் புதுப்பிப்பதா?' புதுப்பித்தாலே போதும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி, "இது பழைய கள், புது மொந்தை"ன்னாங்க. அம்மா, கள் நல்லா இருந்தா மொந்தையை மாத்துறதுல என்ன தப்பு? (சிரிப்பு)

நான் தாமல்காரன். காஞ்சிபுரத்துக்குப் பக்கம், பெங்களூர் ரோட்டு மேலேயே எங்க ஊர். பெரிய ஏரி இருக்கு. மதகு பழுதானா மதகைச் சரிபண்ணுவோம். கரை கரைஞ்சா மண்ணைக் கொட்டி உயர்த்துவோம். அதுக்காக ஏரியைத் தூர்த்துட்டு வேற ஏரி வெட்டுனவன் உண்டா? (கைதட்டல்)

எங்க வீட்டு அடுப்பங்கரையில சுவத்துல பதிச்ச கடப்பைக் கல் தட்டு. அப்பா காலத்துக் கல்லு. கரையான் அரிக்காது, தண்ணி பட்டா உப்பாது. கதவுதான் நைஞ்சு போச்சு. பார்க்க வந்த ஒருத்தர், "எல்லாத்தையும் இடிக்கணும்"னார். அம்மா வளையலைக் கழட்டி, "அடகு வச்சிடுப்பா"ன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். ஆசாரியைக் கூப்பிட்டேன். கல்லுக்கு முன்னால சுவரோட சேர்த்து மரச்சட்டம், ப்ளைவுட்டுல புதுக் கதவு, மேலே ஒரு மில்லிமீட்டர் மைக்கா, புதுக் கீல், புதுக் கைப்பிடி. நாலே நாள்! ஒரு வேளைகூட அடுப்பு அணையலை. வளையல் அம்மா கையிலேயே இருக்கு! (பலத்த கைதட்டல்)

ஆனா நடுவர் அவர்களே, எங்க அணிக்கும் நேர்மை வேணும். பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழே கல் இல்லை. மரத்தூள் பலகையில செஞ்ச பெட்டி. தண்ணி கசிஞ்சு உப்பியிருந்தது. ஆசாரி வேண்டாம்னு சொல்லியும், "அதுக்கும் கதவு மாட்டினாப் போதும்"னு பிடிவாதம் பிடிச்சவன் நான். மூணாவது மாசம் கீல் கழண்டு, கதவு அம்மா கால்மேல விழுந்தது. அப்பத்தான் புரிஞ்சுது: கதவைத் தாங்குறது திருகாணி இல்லைங்க, திருகாணியைப் பிடிச்சிருக்கிற பலகை.

அதனால, முகத்தை மாத்துறதுக்கு முன்னால முதுகைத் தட்டிப் பாருங்க. கெட்டியாச் சத்தம் வந்தா வச்சுக்கங்க. பொதபொதன்னு இருந்தா, அந்த ஒரு பெட்டியை மட்டும் எடுத்திடுங்க. முதல்ல கசிவை அடைச்சுட்டு, தண்ணி தாங்குற ஐ.எஸ். 710 முத்திரை ப்ளைவுட் போடுங்க. ஒரு பெட்டி கெட்டதுக்கு முழுச் சமையலறையையும் தண்டிக்காதீங்க! (கைதட்டல்)

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையைப் பாருங்க. உடல் வேற நாடா, கரை வேற நாடா. ரெண்டும் உறுதியாப் பூட்டிக்கிட்டா ஒரே புடவை. பழைய உடம்பும் புதுக் கதவும் அப்படித்தான். பூட்டு உறுதியா இருக்கணும், அவ்வளவுதான்.

ஆகவே, உறுதியானதை வைத்துக்கொள்ளுங்கள். உளுத்ததை மட்டும் மாற்றுங்கள். அம்மாவின் வளையலை அடகுக் கடைக்கு அனுப்பாத சமையலறையே அழகான சமையலறை என்று கூறி அமர்கிறேன்.